ஃபிலோ அக்காவும் தூங்கி எழுந்த மெஷினும்

தேக்கா மார்க்கெட் மாடியில் தையல்காரர் ஹமீது பாயிடம் கால்சட்டை வாங்கப் போயிருந்தேன். இடுப்பை இரண்டு விரல் தளர்த்தக் கொடுத்திருந்தது. அவர் கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருக்க, ஜூரோங் கப்பல் யார்டில் நான் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய் அதை இருபது தடவை கேட்டிருக்கிறார். இருபத்தோராவது தடவையும் கேட்பார். நான் சொல்லும் அழகு அப்படி. “அப்பத்தான் பாய், அந்த பிளக்கைப் புடுங்கி மூக்குக்கிட்ட கொண்டு போனேன்” என்று கதையின் உச்சிக்கு வந்த நேரம், எங்கள் பழைய வெல்டர் செல்வம் கீரைக்கட்டோடு படியேறி வந்தான்.

“அண்ணே, ஃபிலோ அக்கா தவறிட்டாங்க. விடியக்காலையில, தூக்கத்துலயே. தங்கச்சி மக ஜெசிந்தா இப்பத்தான் போன் பண்ணிச்சு.”

பாய் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். மீதிக் கதையை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்ல வாய் வந்திருக்காது. ஏனென்றால் அன்றைக்கு அந்த பிளக்கை மோந்து பார்த்தது நான் இல்லை. அக்கா.

நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி ஜெசிந்தா வீடு தேடி வந்தது. “அங்கிள், ஆன்ட்டியோட வேலை செஞ்சவங்கள்ல உங்களுக்குத்தான் நல்லா எழுத வரும். ஒரு பக்கம் போதும்” என்றது. பிள்ளை சரியாகத்தான் சொன்னது. நான் ஆறாம் வகுப்பை முக்கால்வாசி முடித்தவன். அந்தக் காலத்து முக்கால் ஆறாம் வகுப்பு இந்தக் காலத்துப் பட்டப்படிப்புக்குச் சமம். ஆனால் ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா ஃபிலோ அக்கா? ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படித்த ஃபிலோமினாவை உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாக ரவையில் செய்த சூஜி கேக் கொண்டுவந்து கொடுத்த கையும் தெரியும். ஜூரோங்கில் இருபது வருடம் அந்தக் கை என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் குறைவு. அதற்குத்தான் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் முருகன் கோயில்காரன். மலரில் எனக்கு இடம் கொடுத்த ஃபாதருக்கு வணக்கம்.

எங்கள் சிநேகம் கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்தது. எம்ஆர்டி ரயில் எல்லாம் இல்லாத காலம். சிராங்கூன் ரோட்டில் விடிவதற்கு முன்பே ஏறிவிடுவோம். அக்காவுக்கு டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இடம், எனக்கு அதற்கு அடுத்த வரிசை. புக்கித் தீமா வரை ஜெபமாலை உருட்டுவார். மாலையைப் பைக்குள் போட்டதும் என்னோடு வாய்ச்சண்டை, அது ஜூரோங் வரை ஓடும். ஒருநாள் நான் முந்தின இரவுப் பெருமழையில் எங்கள் வீட்டு வாசலில் பன்னிரண்டு அடித் தண்ணீர் நின்றதாகச் சொன்னேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே, “ஆறு” என்றார்.

“என்னக்கா ஆறு?”

“நீ எது சொன்னாலும் பாதி ஆக்கிக்கிட்டா சரியா இருக்கும்னு கண்டுபுடிச்சிருக்கேன். ஆறடி. இல்ல, உன் வீட்டு வாசல்ல ஆறடின்னா பஸ்ஸு வந்திருக்காது. திரும்பவும் பாதி ஆக்கு. மூணு.”

பஸ் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து நான் எண் எதையாவது சொன்னால் நாற்பது பேரும் ஒரே குரலில் பாதியைச் சொல்வார்கள். சரி, இருபது பேர்.

நான் யார்டின் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, வால்வு எல்லாம் என் பொறுப்பு. உலகத்துக் கப்பல்களில் பாதி என் கையால் கொடுத்த வால்வில்தான் மிதந்துகொண்டிருக்கிறது. அக்கா எனக்கு அடுத்த அறையில் டெலெக்ஸ் ஆப்பரேட்டர். மேசை அகலத்துக்கு ஒரு மெஷின், தட்டினால் கொரியாவில் பூசான் துறைமுகத்துக் காகிதத்தில் விழும். அது ஓடுகிற சத்தத்தை வைத்தே அந்தப் பக்கம் தட்டுவது யார் என்று சொல்லிவிடுவார். “பூசான்ல இன்னிக்குப் புது ஆளு போட்டிருக்காங்க, பயந்து பயந்து தட்டுறான்” என்பார். நான் நம்பவில்லை. மறுநாள் பூசானிலிருந்து, பழைய ஆள் கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருக்கிறான் என்று செய்தி வந்தது. இதில் நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

மெஷின் மக்கர் பண்ணினால் அக்கா தட்டமாட்டார், திட்டமாட்டார். ஒரு நீலநோட்டை எடுத்து எழுத ஆரம்பிப்பார். எத்தனை மணி, வெயிலா மழையா, யார் உள்ளே வந்தார்கள், எது கடைசியாக மாறியது. “ஒண்ணொண்ணா மாத்து மணியம். ரெண்டை ஒரே சமயத்துல மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாமப் போயிடும்.” இதை அவர் என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஐந்நூறு.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் என்றால் முழு உடம்பும் டவுனில் தலைமை அலுவலகத்தில்; எங்களுக்கு வந்தது அதன் முகம் மட்டும். பச்சை எழுத்து வரும் திரை, கீழே தட்டும் பலகை, பக்கத்தில் பிஸ்கட் டின் அளவு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு மோடம் என்று பெயர். அதிலிருந்து ஒரு வயர் சுவரில் இருக்கும் டெலிபோன் துளைக்குப் போகும். எந்தக் கப்பலுக்கு என்ன சாமான் வேண்டும் என்று இங்கே தட்டினால், டெலிபோன் லைன் வழியாக டவுனில் தெரியும். அதை என் ஸ்டோர் மூலையில்தான் வைத்தார்கள். மேனேஜர் மிஸ்டர் லிம் திரையின் நெற்றியில் நான்கு மொழியில் ‘தொடாதே’ என்று ஒட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த வருடம் யார்டில் வேலை குறைவு, ஆட்குறைப்பு. டெலெக்ஸை எடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் படித்த சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மிஸ்டர் லிம் நல்லவர்தான். “ஃபிலோமினா, மூன்று மாதம் பரீட்சார்த்தமாக நீங்கள் பாருங்கள். சரியாக ஓடினால் ஓய்வு வயது வரை நீங்கள்தான்” என்றார். ஓடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, எங்களுக்குப் புரிந்தது. அக்காவின் வீட்டில் அப்போது சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். தங்கை கணவர் படுக்கையில், ஜெசிந்தா பள்ளியில்.

அக்கா அந்த மெஷினை ஆறு நாளில் பழகிவிட்டார். தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்து, விரலால் காற்றில் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் தட்டத் தொடங்குவார். இரவெல்லாம் டவுனிலிருந்து பட்டியல்கள் வந்துகொண்டிருக்கும் என்பதால் அதற்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. மதியம் சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம் மட்டும் ஒரு பொத்தானை அழுத்தித் தூங்க வைக்க வேண்டும், அது கம்பெனி விதி. திரை இருண்டுவிடும், பெட்டியின் விளக்கும் அணைந்துவிடும். ஒரு மணிக்குத் தட்டினால் எழுந்துவிடும்.

ஒரு மாதம் ஒழுங்காக எழுந்தது. பிறகு ஒருநாள், திரை எழுந்தது, லைன் எழவில்லை. டவுனைக் கூப்பிட்டால் மெஷின் ஊமையாக உட்கார்ந்திருந்தது. மூன்று மணி வாக்கில் தானாகவே சரியானது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். காலை முழுவதும் கிளிப்பிள்ளை மாதிரி பேசும், சாப்பிட்டுவிட்டு வந்தால் வாயைத் திறக்காது. மதியம் கேட்ட சாமானுக்கு ஒரு கிளார்க் காகிதத்தோடு பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. கப்பல் காத்துக் கிடந்தது.

டவுனிலிருந்து டை கட்டிய ஒரு டெக்னீசியன் வந்தார். காலை பத்து மணிக்கு வந்தார். பத்து மணிக்கு எல்லாம் அற்புதமாக ஓடியது. “சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சார் போகுது, இருந்து பாருங்க” என்று அக்கா கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் கரண்ட் வயரை மாற்றினார், பெட்டியை நகர்த்தி வைத்தார், ஏதோ ஒரு திருகையும் திருகினார், பதினொன்றரைக்குப் போய்விட்டார். மதியம் லைன் போனது. அக்கா நோட்டில், ‘மூன்றை ஒரே சமயத்தில் மாற்றினார்’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். அவர் கோபத்தின் உச்சம் அதுதான்.

நான் சும்மா இருப்பேனா? என் பங்குக்கு ஆராய்ச்சி செய்தேன். கிரேன் நகரும்போது பூமிக்கடியில் வயர் நசுங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தேன். கிரேன் அந்த வாரம் முழுவதும் பழுதாகி நின்றதால் அதைக் கைவிட்டேன். அடுத்து, ஏர்கான்.

“அக்கா, இதுக்கு ஜலதோஷம். தூங்கும்போது மேல குளிரடிக்குது. நம்ம புள்ளையா இருந்தா போர்வை போத்துவோமா மாட்டோமா?”

“மெஷினுக்குப் போர்வையா? போயா!”

“ஒண்ணொண்ணா மாத்தச் சொன்னீங்களே. இது ஒண்ணுதானே?”

என் துண்டை நான்காக மடித்து பெட்டிமேல் போர்த்தினேன். நம்புங்கள், அன்றைக்கு ஒரு மணிக்கு லைன் எழுந்தது! யார்டு கேன்டீனில் நான் ராஜா. மறுநாளும் எழுந்தது. மூன்றாம் நாள் மிஸ்டர் லிம் உள்ளே வந்து, கம்பெனியின் விலையுயர்ந்த சாமான்மேல் ஸ்டோர் கீப்பரின் வியர்வைத் துண்டு கிடப்பதைக் கண்டு, அதை இரண்டு விரலால் தூக்கி என்னிடம் கொடுத்தார். அன்று மதியம் லைன் போனது.

அப்போதுதான் மிஸ்டர் லிம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துப் பெரியவர் சாப்பாட்டுக்கு வருகிறார், சாப்பிட்டதும் மெஷினைப் பார்ப்பார். லைன் வராவிட்டால் மெஷின் டவுனுக்கே திரும்பிவிடும், பட்டியல் வேலையும் அங்கேயே போய்விடும். “அப்புறம் ஃபிலோமினா, என் கையில் ஒன்றும் இல்லை” என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அன்று புதன்கிழமை.

பஸ்ஸில் அக்கா சண்டை போடவில்லை. நான் வேண்டுமென்றே, “நேத்து தேக்காவுல நாப்பது கிலோ மீன் ஒண்ணு பார்த்தேன்” என்றேன். யாரும் இருபது என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் இருவரும் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரு மணிக்குத் திரை எழுந்தது, லைன் இல்லை. அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மிஸ்டர் லிம்மின் மேசையிலிருந்து ஒரு டெலிபோனைத் தூக்கி வரச் சொல்லி, அதைச் சுவர்த் துளையில் செருகினார். ரீங்காரம் கேட்டது. “வெளி லைன் நல்லா இருக்கு” என்று எழுதினார். பெட்டியில் விளக்கு எரிகிறதா? எரிகிறது. எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உன் துண்டுதான்யா வழி காட்டுது. சூடா இருந்தா பேசுது, குளிர்ந்தா பேச மாட்டேங்குது. தூங்கினா பெட்டி குளிர்ந்துடுது. சூட்டுல இரும்பு கொஞ்சம் உப்பும், குளிர்ந்தா சுருங்கும். எங்கயோ ரெண்டு இரும்புக்கு நடுவுல ஏதோ உட்கார்ந்திருக்கு. உப்பும்போது தொட்டுக்குது, சுருங்கும்போது விட்டுடுது.”

இந்த ஒரு பேச்சை எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுப்பார்கள்? துண்டுக்கு உரியவன் நான் என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன்.

அக்கா மோடம் பெட்டியின் பின்புறம் கை விட்டு டெலிபோன் வயரின் பிளக்கைப் பிடுங்கினார். நான்கு பித்தளைக் கால்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

“மணியம்.”

“என்னக்கா?”

“என் மெஷின் ஏன்யா உங்க கோயில் மாதிரி மணக்குது?”

நான் பக்கத்து அலமாரியில் போல்ட்டை எண்ணத் தொடங்கினேன். “மழை வாசனையா இருக்கும்க்கா.”

“எந்த ஊர்லய்யா மழையில சந்தனம் பெய்யுது?”

இப்போது நான் சொல்லத்தான் வேண்டும். பாயிடம் சொல்லாதது, கேன்டீனில் சொல்லாதது, என் வீட்டிலும் சொல்லாதது. ஆயுத பூசைக்கு ஒவ்வொரு வருடமும் ஸ்டோரில் எல்லாச் சாமானுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பேன். மிஸ்டர் லிம்மே வந்து பொரியும் கடலையும் வாங்கித் தின்பார். அந்த வருடம், கோளாறு தொடங்குவதற்குச் சில நாள் முன்பு வந்த பூசையன்று, அக்கா டவுனில் பயிற்சிக்குப் போயிருந்தார். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, புது மெஷினை மட்டும் எப்படி விடுவது?

“கத்தரிக்கோலுக்கு வாயில வைக்கிறோம். தராசுக்குத் தட்டுல வைக்கிறோம். எது வேலை செய்யுதோ அங்கதானேக்கா வைக்கணும்? இதுக்குப் பேச்சு போற வாய் இதுதானே. அதான் புடுங்கி, நாலு காலுக்கும் நல்லா குழைச்சு…”

“முன்னாடி திரையில ஒரு பொட்டு வச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா?”

“முன்னாடி ‘தொடாதே’ன்னு நாலு பாஷையில ஒட்டியிருக்காங்களேக்கா. பின்னாடி ஒண்ணும் ஒட்டலையே.”

அக்கா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கலாம், நியாயம்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, திரும்பவும் சிரித்தார்.

“நானும்தான்யா தினமும் இதுக்குச் சிலுவை போடறேன். ஆனா காத்துல போடறேன். காத்துல! சாமிக்குக் கண்ணு தெரியும்யா, குழைச்சுப் பூசணும்னு இல்ல.”

பெயின்ட் அறையிலிருந்து ஸ்பிரிட் கொண்டுவந்தேன். ஒரு பழைய பல்துலக்கியால் நான்கு கால்களையும் அக்கா தேய்த்தார். காய்ந்து கல்லாகியிருந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. செருகிவிட்டு மெஷினைத் தூங்க வைத்தார். ஏர்கானைக் கடைசி வரை திருகிவிட்டு, ஒரு மணி நேரம் இருவரும் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். தட்டினார். டவுன், “சொல்லுங்கள்” என்றது.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார், கைகட்டி நின்று பார்த்தார், லைன் முதல் தட்டிலேயே எழுந்தது. தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் மிஸ்டர் லிம் போகவில்லை. மூன்று வாரமாக என்னதான் கோளாறு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

“தூசி சார். பிளக்ல தூசி.”

மிஸ்டர் லிம்முக்கு முகம் சிவந்தது. மெஷினைச் சுத்தமாக வைப்பது யார் வேலை என்று கேட்டார். “என் வேலைதான் சார்” என்றார் அக்கா. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. பரீட்சார்த்தக் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டது. ஆட்குறைப்பு நடக்கிற அந்த நேரத்தில், மேனேஜர் தொடாதே என்று ஒட்டிய மெஷினில் ஸ்டோர் கீப்பர் சந்தனம் பூசினான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்று மாலையே வேலை போய் வீட்டில் இருந்திருப்பேன். அக்காவின் வேலைப் பதிவில் ஒரு கறையும் விழுந்திருக்காது.

பஸ்ஸில் நான் கேட்டேன். “பொய் சொல்லிட்டீங்களேக்கா?”

“பொய் என்ன? சந்தனம் காஞ்சா தூசிதானே.” பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். “எதுக்கும் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிடறேன்.”

ஆகவே இந்த மலரைப் படிக்கிறவர்களில் ஃபாதர் ஒருவருக்கு இது புதுச் செய்தியாக இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்த மூன்று மாதத்தில் லைன் ஒருநாளும் போகவில்லை. அக்கா ஓய்வு வயது வரை அதே நாற்காலியில் இருந்தார், கேக் வெட்டி, கைக்கடிகாரம் வாங்கி, கம்பீரமாகத்தான் வீட்டுக்குப் போனார். கம்ப்யூட்டரைச் சரிசெய்தது நான்தான் என்று நான் யார்டு முழுக்கச் சொல்லித் திரிந்ததும் அவர் காதில் விழாமல் இல்லை. ஒருமுறை கேன்டீனில் நேருக்கு நேராகவே அகப்பட்டுக்கொண்டேன். பத்துப் பேர் முன்னால் நான் பிளக்கை மோந்துகொண்டிருக்கும் கட்டத்தில் அக்கா தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“பாதி உண்மை” என்றார் அக்கா. “துண்டு அவனோடதுதான்.”

அடுத்த வருட ஆயுத பூசைக்கு அவரே என் பக்கத்தில் நின்றார். தராசுக்கு வைத்தேன், தள்ளுவண்டிக்கு வைத்தேன். மெஷின் முன்னால் வந்ததும் சந்தன விரலைக் காற்றிலேயே நிறுத்தி ஒரு பொட்டு வைத்தேன். “இப்ப படிச்சிட்ட” என்றார். பொரியில் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்கா தவறிய அன்று மாலை, அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நீங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது, எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்றும் தெரியாது. செல்வம் நின்றால் நின்றேன். என் முறை வந்தபோது பெட்டியின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். நான் விரலைத் தூக்கி, கண்ணாடியைத் தொடாமல், அவர் நெற்றிக்கு நேரே காற்றில் ஒரு பொட்டு வைத்தேன். ஜெசிந்தா பார்த்துவிட்டது.

அந்த நீலநோட்டை ஜெசிந்தா எனக்கே கொடுத்துவிட்டது. அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் எல்லாம் வரிசையாக இருக்கிறது: வெளி லைன், விளக்கு, துண்டு, சூடு, குளிர். கடைசி வரியில், காரணம் என்று எழுதி, தூசி என்று போட்டிருக்கிறார். என் பெயர் எங்கும் இல்லை. அந்த நோட்டை வைத்திருக்கிறேன். ஒண்ணொண்ணா மாத்து என்ற சொல்லையும் வைத்திருக்கிறேன். வீட்டில் மிக்சி நின்றால் இப்போதெல்லாம் தட்டுவதில்லை. கால்சட்டை வாங்கத் திரும்பப் போனபோது ஹமீது பாயிடம் கதையை முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை மோந்து பார்த்தவர் பெயரோடும், பூசியவன் பெயரோடும்.

இந்தக் கட்டுரையில் எண்களையெல்லாம் நீங்கள் பாதியாக்கிக்கொள்ளலாம், அக்கா இருந்தால் அதைத்தான் செய்வார். என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இத்தனை வருடச் சிநேகத்தில் ஒருநாளும் அதை என்னிடம் சொல்லிக்காட்டாதவர் என்று எழுதுகிறேனே, அதை மட்டும் அப்படியே முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.